சிஸ்டரிடம் கேளுங்கள்: சுகர் பார்க்கப் போன இடத்தில் மனசைப் பற்றிக் கேட்கலாமா?

போன இதழில், இங்கே டர்பனில் நம் பக்கத்து கிளினிக்குகளில் இப்போது மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. மூட்டு வலி, தைராய்டு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பல வருஷமாக சுகர், பிரஷர். அரசு கிளினிக்கில்தான் மாத்திரை வாங்குகிறார். இந்த முறை சுகர் ரொம்ப ஏறியிருந்தது. அங்கிருந்த சிஸ்டர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, தூக்கம் வருகிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா ஒரே அழுகை. “என்னைப் பைத்தியம்னு எழுதி வச்சிட்டாங்க” என்கிறார். சுகர் பார்க்கப் போன இடத்தில் இதையெல்லாம் கேட்கலாமா? அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. — மூத்த மகள், சாட்ஸ்வொர்த்

பதில்: கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. அம்மாவின் கிளினிக் கார்டை எடுத்து, சுகர் எந்த மாதத்திலிருந்து ஏற ஆரம்பித்தது என்று பாருங்கள். அப்பா போனதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால், அந்த சிஸ்டர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனச்சோர்வு வந்துவிட்டால் சுகர் கட்டுக்குள் நிற்காது. ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். மனசு விட்டுப்போனவர் சமைப்பதில்லை, டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டிவிடுவார். வாசல் தாண்டி நடக்க மாட்டார். மாத்திரையை எடுக்க மறப்பார், அல்லது எதற்கு என்று விட்டுவிடுவார். உடம்புக்குள்ளும் நடக்கிறது. நாள்பட்ட மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்கிற ஹார்மோனே சுகரை ஏற்றும்.

நான் வேலை பார்த்த கிளினிக்கில் ஒரு பாட்டியம்மா வருவார். சுகர் இறங்கவே இல்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு நாள், வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் எடுத்து வாருங்கள் என்றேன். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைத் துணிப்பையில் வைத்துக் கொண்டு வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே மெட்ஃபார்மின் அட்டைகள், பிரிக்காமல், ரப்பர் பேண்டு போட்டு மாதவாரியாக அடுக்கியிருந்தது. வாங்குவதை ஒரு மாதம் கூட விட்டதில்லை, விழுங்கியதுதான் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “யாருக்காக சாப்பிடணும் சிஸ்டர்?” என்றார். மகன் ஆஸ்திரேலியா போயிருந்தான். அந்த அம்மாவுக்கு மெட்ஃபார்மின் அளவைக் கூட்டி என்ன பிரயோஜனம்?

அந்தத் தாள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது ஒன்பது கேள்வி உள்ள தாளாக இருக்கும். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, அசதி, ஈடுபாடு எப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னும் விசாரிக்கவேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான். அது பைத்தியம் என்று முத்திரை குத்தும் தாள் கிடையாது. பிரஷர் கூடுதலாகக் காட்டினால் கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்க்கிறார்கள் அல்லவா, அதற்கு உள்ள மரியாதைதான் இதற்கும். ஒன்பதாவது கேள்விதான் சாவைப் பற்றியது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று குடும்பத்தார் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கனவே இருப்பவர்களுக்கு, ஒருவராவது கேட்டாரே என்று மூச்சு விட முடிகிறது.

2002 முதல் 2004 வரை தென் ஆப்பிரிக்கா முழுவதும் வீடுவீடாகப் போய் எடுத்த பெரிய மனநல ஆய்வில், பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு அந்த ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரிந்தது. அவர்களில் சிகிச்சை கிடைத்தது நாலில் ஒருவருக்குத்தான். மீதி மூன்று பேர் எங்கே போனார்கள்? அநேகமாக நம்மிடம்தான் வந்திருப்பார்கள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லி பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது: அடுத்த முறை அம்மாவோடு கூடப் போங்கள். மதிப்பெண் எவ்வளவு, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள், மறுபடி எப்போது வரவேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். கேள்வி கேட்டுவிட்டு அப்படியே அனுப்பிவிட்டார்கள் என்றால் அது பாதி வேலை, மீதியைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும்படி கேட்டிருந்தால் அதைத் தாராளமாகப் புகார் செய்யுங்கள். அம்மாவின் அழுகைக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஒன்பதாவது கேள்விக்கு அம்மா ஆமாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றே டாக்டரைப் பார்க்கவேண்டும், வீட்டு மாத்திரைகளை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டும் என்றால் 0800 567 567, இலவச எண்.

இன்னொன்று. சுகர், பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் கிளினிக் வரிசையில் நிற்காமல் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரைப் பொட்டலம் வாங்கிக்கொள்ளும் வசதி 2014 முதல் இருக்கிறது. நல்ல வசதி, எத்தனையோ பேருக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம். ஆனால் மாதக்கணக்கில் எந்த சிஸ்டரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மா அந்தத் திட்டத்தில் இருந்தால், இப்போதைக்குக் கிளினிக்குக்கே போகட்டும்.

கேள்வி: கிளினிக் டாக்டரே மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரிய டாக்டரைப் பார்க்காமல் சாப்பிடலாமா? பழக்கமாகிவிடாதா? — ஒரு வாசகி, டோங்காட்

பதில்: சாப்பிடலாம். ஃப்ளூயாக்சடின், சிடலோபிராம் போன்ற மாத்திரைகளை எழுத சாதாரண டாக்டரே போதும். பழக்கமாகிவிடும் என்று நீங்கள் பயப்படுவது டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. முழு பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டும், கொஞ்சம் படபடப்பாக இருக்கும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டும். நிறுத்தும்போது டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா? ஊரிலிருந்து வரவழைத்த லேகியம், சூரணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 44 வயது. ஸ்கிசோஃப்ரினியா. பெரிய மருத்துவமனையில் மனநலப் பிரிவில்தான் வருஷக்கணக்காகக் காட்டி வந்தோம். இப்போது ‘நிலையாக இருக்கிறார், இனி மாதாந்திர ஊசியை உங்கள் பக்கத்து கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள்’ என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்களைக் கைகழுவுகிறார்களா? எசிடிமேனி நினைவு வந்து தூக்கம் போய்விட்டது. — அண்ணன், ஃபீனிக்ஸ்

பதில்: ஐயா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் வாழ்கிற யாரும் அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். லைஃப் எசிடிமேனி என்கிற நிறுவனத்தில் தங்கியிருந்த நாள்பட்ட மனநோயாளிகளை, செலவைக் குறைக்கவேண்டும், அவர்கள் சமூகத்தோடு வாழவேண்டும் என்றெல்லாம் காரணம் சொல்லி, கௌடெங் மாகாண சுகாதாரத் துறை 2016-ல் கூட்டம் கூட்டமாக வெளியேற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முறையான உரிமம் இல்லாத, ஆளும் உணவும் இல்லாத இல்லங்களுக்கு அவர்களை அனுப்பினார்கள். 144 பேர் இறந்துபோனார்கள். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனேகே 2018-ல் கொடுத்த தீர்ப்பில் அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. நான் திருநெல்வேலியில் நர்சிங் படித்துவிட்டுக் கல்யாணமாகி டர்பன் வந்தவள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் வெந்த செய்தியை இங்கே இருந்துதான் படித்தேன். ஒரு பக்கம் பூட்டி வைத்துக் கொன்றார்கள், இன்னொரு பக்கம் வெளியே அனுப்பிக் கொன்றார்கள். இரண்டு இடத்திலும் மாதாமாதம் பக்கத்தில் வந்து பார்க்கிற ஒரு ஆள் இல்லை.

உங்கள் தம்பியின் விஷயம் வேறு. அவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். உங்கள் கையில் ஊசி உண்டு, தேதி உண்டு. நடந்து போகிற தூரத்தில் கிளினிக் இருப்பது அவருக்கு நல்லது. இரண்டு டாக்ஸி மாறி, விடிகாலையில் கிளம்பி, அரை நாள் காத்திருந்து ஊசி போட்டுக்கொள்வதில் எத்தனை பேர் சலித்து விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டமே, முடிந்த மட்டும் ஆளின் வீட்டுக்குப் பக்கத்தில், பொது மருத்துவத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றுதான் சொல்கிறது.

உண்மையான லாபம் இன்னொன்று இருக்கிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இதய நோய், சுகர், நெஞ்சுச் சளி மாதிரியான உடம்பு வியாதிகளில்தான். சில மனநல மருந்துகள் உடம்பு எடையையும் சுகரையும் ஏற்றிவிடும். போதாததற்கு சிகரெட். இவர்களுக்கு நெஞ்சு வலி என்றால், ‘அவர் அப்படித்தான் சொல்வார்’ என்று தள்ளிவிடுவது வீட்டிலும் நடக்கிறது, மருத்துவமனையிலும் நடக்கிறது. அதனால் ஊசி போடப் போகும்போதெல்லாம் எடையும் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பிட்ட இடைவெளியில் சுகரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசியை மட்டும் போட்டு அனுப்பினால், வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றியதில் பாதி பலன் போய்விடும்.

அந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசித் தேதி இருக்கவேண்டும். உடம்பு கெட்டால் முதலில் என்ன தெரியும் (உங்கள் தம்பிக்கு ராத்திரி தூங்காமல் நடமாடுவது என்று வைத்துக்கொள்வோம்) என்பது இருக்கவேண்டும். திரும்ப மருத்துவமனைக்கு அனுப்ப யாரை அழைப்பது என்பதும் இருக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயம் இல்லாத கடிதத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள், திரும்பப் போய் எழுதி வாங்குங்கள். கிளினிக்கில் ஊசி மருந்து தீர்ந்துபோய்விட்டது என்று சொன்னாலும் ‘அடுத்த மாதம் வாங்க’ என்பதற்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எங்கே இருக்கிறது என்று அங்கேயே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

தம்பி மறுபடி நிலை தவறி, வர மறுத்தால், சட்டப்படி குறிப்பிட்ட பொது மருத்துவமனைகளில் 72 மணி நேரம் வைத்துப் பார்க்க வழி இருக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போடலாம். அந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்பதை, நல்ல நாளில், அமைதியாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: ஐ.டி. வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து உம்லாங்கா வந்திருக்கிறோம். குழந்தை பிறந்து ஏழு வாரம். மாமியார் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அதிலிருந்து மனைவி சரியாக இல்லை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. “இவனை என்னால வளர்க்க முடியாது” என்கிறாள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்றால் பயப்படுகிறாள். — கணவர்

பதில்: தம்பி, முதலில் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ள, செய்துவிடத் தோன்றுகிறதா? நேராகவே கேளுங்கள், கோபப்படாமல். ஆமாம் என்றால், அல்லது இல்லாத குரல் கேட்கிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

அப்படி இல்லை என்றால் உங்கள் குடும்ப டாக்டரிடமே போகலாம், நாளைக்கே. பிரசவம் ஆன முதல் பத்து நாளில் அழுகை வருவது சகஜம், தானாக விட்டுவிடும். ஏழாவது வாரத்தில் இப்படி இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் இரத்த சோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டுமே ஆளைப் படுத்தும், பார்த்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். மாத்திரை தேவைப்பட்டால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. செர்ட்ரலின் அதில் ஒன்று. பாலை நிறுத்தவேண்டும் என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் எய்ட்காரர்கள் இதைத் தாங்களாக முன்வந்து சொல்ல மாட்டார்கள். எந்தத் திட்டமாக இருந்தாலும், கடும் மனச்சோர்வுக்கு வருஷத்தில் 15 முறை வரை ஆலோசனைக்கோ, அதற்குப் பதில் மூன்று வாரம் வரை மருத்துவமனையில் தங்கவோ கட்டாயக் குறைந்தபட்சச் சலுகையில் (PMB) இடம் உண்டு. திட்டத்தில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டார்கள் என்றால் அந்தச் சலுகையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மனநல மருத்துவர் என்ற பலகை பயமுறுத்துகிறது என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. அதனால்தான் கேப்டவுனில் மௌப்ரே மகப்பேறு மருத்துவமனையில் 2002-ல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். கர்ப்பிணிகள் வயிற்றைப் பார்த்துக்கொள்ள வருகிற அதே இடத்தில், அதே நாளில், மனசைப் பற்றியும் கேட்டு, ஆலோசகரையும் அங்கேயே பார்க்க வைத்தார்கள். வேறு கட்டடம் கிடையாது, வேறு வாசல் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. உங்கள் மனைவியையும் தடுப்பூசிக்குப் போகிற நாளில், குழந்தையை எடை போடுகிற சிஸ்டரிடமே பேச்சைத் தொடங்க விடலாம். பத்தாவது வார ஊசி வரப்போகிறது, ஆனால் அதுவரை டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், ராத்திரி ஒரு வேளைப் பாலை எடுத்து வைக்கச் சொல்லி நீங்கள் கொடுங்கள். அவளுக்குச் சேர்ந்தாற்போல ஐந்து மணி நேரம் தூக்கம் கிடைக்கட்டும். ஊரில் என்றால் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு கை இருந்திருக்கும். இங்கே இருப்பது உங்கள் இரண்டு கைதான்.

கேள்வி: நானும் நர்ஸ். காலை ஏழு மணிக்கே வரிசை கேட் வரை நிற்கிறது. டிபி, எச்.ஐ.வி., சுகர், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. இப்போது மனநலத்தையும் ‘சேர்த்துப்’ பாருங்கள் என்கிறார்கள். எல்லாவற்றையும் நம் தலையில் கட்டுவதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பா? — ஸ்டேங்கர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2016-17 கணக்கில், இந்த நாட்டின் பொது சுகாதாரச் செலவில் மனநலத்துக்குப் போனது 5 சதவீதம். அந்த ஐந்திலும் 86 சதவீதம் மருத்துவமனைப் படுக்கைகளுக்கு. உங்களையும் என்னையும் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கிற கிளினிக் மட்டத்துக்கு வந்தது 8 சதவீதம் கூட இல்லை. காகிதத்தில் ‘சேர்த்துப் பாருங்கள்’ என்று எழுதிவிட்டுப் பணத்தைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். இதை நாம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆனால் யோசனையே தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது ஜெனீவாவில் யாரோ எழுதி நம் மேல் ஏற்றியது என்று நினைக்கிறார்கள். இதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் 2008-ல் வந்தது. அதற்கு 68 வருஷத்துக்கு முன்னாலேயே, நம் குவாசூலு-நடால் மாகாணத்தில், புல்வர் பக்கத்து மலையில், போலேலா என்ற இடத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி 1940-ல் ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். யாருக்கு என்ன வியாதி என்பதோடு, என்ன சாப்பிடுகிறார்கள், வீட்டு ஆண் சுரங்க வேலைக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று, தோட்டத்தில் என்ன விளைகிறது என்று எல்லாவற்றையும் குறித்தார்கள். அன்றைய அரசுக்கு அது பிடிக்கவில்லை, பணம் வற்றியது, கார்க் தம்பதி நாட்டை விட்டே போனார்கள். 1957-ல் அங்கே வந்து பார்த்த ஜாக் கைகர் என்ற அமெரிக்க மாணவர், பின்னாளில் தன் நாட்டில் முதல் சமூக சுகாதார மையங்களைத் தொடங்கினார். நம் மலையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன யோசனை இது.

வேலைக்கு வருவோம். ஒன்பது கேள்வியையும் எல்லோரிடமும் கேட்காதீர்கள். முதல் இரண்டை மட்டும் கேளுங்கள்: எதிலும் ஆர்வமில்லையா, மனசு சோர்ந்து கிடக்கிறதா. இரண்டுக்கும் இல்லை என்றால் அடுத்த ஆள். ஆமாம் என்கிறவர்களுக்கு மட்டும் மீதி. அதைவிட முக்கியமானது, ஆமாம் என்று சொன்னவரை அனுப்ப ஒரு ஆள் இருக்கவேண்டும். அனுப்ப ஆளில்லாமல் கேட்பதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன்.

அந்த ஆள் சைக்காலஜிஸ்டாக இருக்கவேண்டியதில்லை. ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006 முதல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் ஒரு பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். வருகிறவர்களிடம் பேசி, பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகவே குணம் தெரிந்தது. இங்கேயும் வடமேற்கு மாகாணத்தில், டாக்டர் கென்னத் கௌண்டா மாவட்ட கிளினிக்குகளில், நம் குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தார் ஆலோசகர்களை வைத்து இதே திசையில் வேலை செய்தார்கள். உங்கள் கிளினிக்கில் எச்.ஐ.வி. ஆலோசகர் இருப்பாரே? பயிற்சியும் மேற்பார்வையும் கொடுத்தால் அவரால் முடியும். மேற்பார்வை என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். நாள் முழுக்க மற்றவர் துக்கத்தைக் கேட்பவருக்கு, வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

உங்களுக்கும் வேண்டும், தங்கச்சி. 2021 ஜூலைக் கலவரத்திலும், மறு வருஷம் ஏப்ரல் வெள்ளத்திலும் வேலைக்கு வந்து நின்றவர்கள் நாம்தான். அந்த இரண்டு கேள்வியையும் ஒரு முறை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு மனசு சரியில்லாதவர்களைக் கூட்டி வருகிறார்கள். சுகர்ஸ் போதையில் மாட்டிய பையன்களின் தாய்மார்களும் வருகிறார்கள். பூசாரி திருநீறு போட்டு அனுப்புகிறார். கிளினிக்கோடு சேர்ந்து கோயில் ஏதாவது செய்யமுடியுமா? — நிர்வாகக் குழு உறுப்பினர், இசிபிங்கோ

பதில்: முடியும் ஐயா. திருநீறு போடட்டும், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அம்மன் முன்னால் நின்று வாய்விட்டு அழுதுவிட்டு வருகிறவர்களுக்கு அது ஒரு பெரிய ஆறுதல், நானே கண்டிருக்கிறேன். பூசாரியிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்து என்று யாருக்கும் சொல்லக்கூடாது. கட்டிவைப்பதும் அடிப்பதும் கூடாது. சாகப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அன்றே கிளினிக்குக்கு அனுப்பவேண்டும்.

உங்கள் வட்டாரத்துக்கு வீடுவீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு மண்டபத்தில் ஒரு மேஜை கொடுங்கள். பலகையில் ‘மனநல முகாம்’ என்று எழுதவேண்டாம், ‘பிரஷர், சுகர் பார்க்கப்படும்’ என்று எழுதுங்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி, காது கேட்காத தூரத்தில், இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். புரட்டாசி விரதம் இருக்கிற சுகர்க்காரர்களுக்கும் அந்த மேஜையில் ஆலோசனை சொல்லலாம்.

சுகர்ஸ் என்பது மலிவான ஹெராயின் கலவை, அதை வெறும் கண்டிப்பால் விட முடியாது. தாய்மார்களிடம் 0800 12 13 14 என்ற அரசு எண்ணைக் கொடுங்கள். பையன் வர மறுத்தாலும் அம்மாவைக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். அவர் பிரஷரையும் தூக்கத்தையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பக்கம் ஈஸ்டர் திருவிழாவுக்குக் கூட்டம் நெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பாகவே கிளினிக் மேலாளரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். அந்த வாரம் அவர்களுக்கும் ஆள் குறைவு.